வாடகை வீட்டை மாற்றிக் கட்டப் போகிறீர்களா? உரிமையாளருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டை இரண்டு போர்ஷனாகப் பிரித்தால் வாடகை கூடும், மாடி எழுப்பினால் இன்னும் கூடும் என்ற கணக்கோடுதான் பலரும் மேஸ்திரியைக் கூப்பிடுகிறார்கள். அது பாதிக் கணக்கு. நாளைக்குக் கடன் தரும் வங்கியும், வீட்டை வாங்க வருபவரின் வக்கீலும் முதலில் கேட்பது அனுமதி பெற்ற வரைபடத்தைத்தான். தமிழ்நாட்டில் முதன்முறையாக இந்த வேலையில் இறங்குவோர் கீழே உள்ள வரிசையில் போவது நல்லது.

1. எந்தச் சுவர் என்று பாருங்கள்

பழைய வீடுகளில் மேல்தளத்தின் பாரம் முழுவதையும் செங்கல் சுவர்களே தாங்கி நிற்கும். தூணும் பீமும் போட்ட வீட்டில் நடுச்சுவர் பெரும்பாலும் வெறும் தடுப்பு. பூச்சுக்கு மேலே இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஹாலை அகலமாக்கத் தாங்குசுவரை எடுத்துவிட்டால் விரிசல் மாடிவரை ஓடும். தளமே இறங்கவும் கூடும். உள்ளே குடியிருப்பது இன்னொருவரின் குடும்பம் என்பதை மறக்க வேண்டாம். மேஸ்திரியின் அனுபவத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அஸ்திவாரம் இன்னொரு மாடியைத் தாங்குமா என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர்தான் கணக்குப் போட்டுச் சொல்ல முடியும். அவரிடம் எழுத்தில் வாங்குங்கள். அதுவரை சுத்தியலை எடுக்க வேண்டாம்.

2. அனுமதி

வெள்ளையடிப்பது, பூச்சு, டைல்ஸ் போன்றவற்றுக்குக் கட்டட அனுமதி வேண்டியதில்லை. அறை சேர்ப்பது, மாடி எழுப்புவது, வீட்டைக் கடையாக்குவது எல்லாவற்றுக்கும் வேண்டும். 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகள்தான் இதற்கு அடிப்படை. முதலில் உங்கள் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சி அலுவலகத்தில் விசாரியுங்கள். கார் நிறுத்தும் இடத்தை அறையாக்குவதும், பக்கவாட்டு இடைவெளியில் ஷீட் போட்டு அடைப்பதும் ஊரெங்கும் நடக்கிற விதிமீறல்கள். அப்படி மீறிய கட்டடத்தைப் பூட்டி சீல் வைக்க 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

3. குடியிருப்பவரிடம் பேசுங்கள்

2019 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். கட்டமைப்புப் பழுது, வெள்ளையடிப்பு, குழாய், வயரிங் உங்கள் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்சு போன்ற சில்லறை வேலைகள் அவருடையவை. உள்ளே போக 24 மணி நேரம் முன்பே தெரிவிக்க வேண்டும். தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தி அவரைக் கிளப்பப் பார்ப்பது சட்டவிரோதம். வேலை முடிந்தபின் வாடகை எவ்வளவு உயரும் என்பதைத் தொடங்கும் முன்பே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பிள்ளைகளுக்குப் பரீட்சை நடக்கும் மாதத்தில் இடிக்காதீர்கள்.

அவர் பரண் கட்டவோ கிரில் போடவோ கேட்டால், காலி செய்யும்போது அதை யார் எடுப்பது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

4. சொத்து வரி, ஈபி

பரப்பு கூடினால் சொத்து வரியும் கூடும். முன்னறையைக் கடைக்கு விட்டால் அதற்கு வணிகக் கட்டணத்தில் தனி மீட்டர் வாங்குங்கள்.

5. பில்களைச் சேர்த்து வையுங்கள்

வாடகை வருமானத்தில் செலுத்திய சொத்து வரி போக மீதியில் 30 சதவீதத்தை வருமான வரிச் சட்டம் பொதுவாகக் கழித்துவிடுகிறது. பெயின்ட் அடித்த செலவைத் தனியாகக் கழிக்க முடியாது. ஆனால் மாடி எழுப்பியது, அறை சேர்த்தது போன்ற மேம்பாட்டுச் செலவை, வீட்டை விற்கும்போது மூலதன ஆதாயக் கணக்கில் வாங்கிய விலையோடு கூட்டிக்கொள்ளலாம். அதற்குச் சான்று வேண்டும். ஆகவே மேஸ்திரிக்கான பணத்தை வங்கி வழியே அனுப்பி, அந்த ரசீதுகளை அனுமதி வரைபடத்தோடு பத்திரக் கட்டிலேயே வையுங்கள்.