இடித்தற்கும் அறிவு வேண்டும்

ஆக்குதற்கே அறிவு வேண்டும், அழித்தற்கு வேண்டா என்பர் பலர். அஃது உண்மையன்று என்பதை ஈண்டு ஒரு கணக்கினாற் காட்டுவாம்.

இந்தியாவின் நொய்டா நகரில் ஏறக்குறைய 100 மீற்றர் உயர்ந்து நின்ற இரட்டைக் கோபுரங்கள், அந்நாட்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 2022 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 28 ஆம் நாள் தகர்க்கப்பட்டன. தூண்களிலே துளையிட்டு, சுமார் 3,700 கிலோகிராம் வெடிமருந்து வைத்தனர். அயலவரை முன்னரே அப்புறப்படுத்தினர். சில செக்கன்களில் யாவும் வீழ்ந்தன.

வீழ்த்தியது வெடிமருந்தோ? அன்று. இடிபாடு 80,000 தொன் எனக் கணித்தனர். அதன் சராசரி உயரம் 50 மீற்றர் எனின், உயரத்தால் அது பெற்றிருந்த அழுத்தச்சத்தி ஏறக்குறைய 3,900 கோடி யூல் ஆகும். கிலோகிராம் ஒன்றுக்கு 40 இலட்சம் யூல் என மிகுத்துக் கொள்ளினும், மருந்தின் சத்தி 1,500 கோடியளவே. வெடி தூணை அறுத்தது, வீழ்த்தியது புவியீர்ப்பே.

சம்மட்டி கொண்டு இடிப்பார்க்கும் இதுவே பாடம். கட்டிய முறைக்கு மறுதலையாக, மேன்மாடியிலிருந்து தொடங்கி, தளம், வளை, தூண் என்னும் ஒழுங்கில் இறங்குதல் வேண்டும். இடிபாட்டைத் தளத்திற் குவிப்பின் தளம் தாங்காது. அடிச்சுவரை முதலிற் பறிப்பின், மேற்சுமை பறித்தவன் தலைமீதே வீழும்.

ஆதலின், பொறியியல் பயிலப் புகும் எம் மாணவர், எக்கட்டடத்தையும் தீண்டுமுன், எது எதனைத் தாங்குகின்றது என வினவுவாராக. விடை காணாது கைவைப்பின், இழக்கப்படுவது கூலியாளர் உயிரே.