தேர்வுக்கு முன் மனத்துக்கும் ஒரு பாடம்

என் மகன் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தபோது, "எனக்கு ஒண்ணும் வராதும்மா" என்று அடிக்கடி சொல்வான். "உட்கார்ந்து படிச்சா எல்லாம் வரும்" என்பதே என் பதில். அது சோம்பல் அல்ல, மனச்சோர்வின் தொடக்கம் என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. மற்ற பெற்றோருக்கு உதவட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

சோர்ந்த மனத்தில் சில எண்ணங்கள் தாமாகவே எழுகின்றன. அவற்றை நாம் சோதிக்காமலே நம்பிவிடுகிறோம். அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1960களில் இதை விளக்கினார். அந்த எண்ணங்களை அடையாளம் கண்டு சோதித்துப் பார்க்கக் கற்றுத்தரும் முறையை அவர் வகுத்தார். "கணக்கில் மதிப்பெண் குறைந்தது, ஆகவே நான் எதற்கும் லாயக்கில்லை" என்று பிள்ளை நினைக்கிறான் என்று கொள்வோம். இதற்குச் சான்று என்ன? எதிர்ச்சான்று என்ன? இதே நிலையில் உள்ள நண்பனுக்கு நீ என்ன சொல்வாய்? இவையே அந்தச் சோதனைக் கேள்விகள்.

இதை இணையம் வழியாகவும் கற்றுத்தரலாம். ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகம் 2001இல் 'மூட்ஜிம்' என்ற பயிற்சியைத் தொடங்கியது. நியூசிலாந்தில் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தார் 'ஸ்பார்க்ஸ்' என்ற கணினி விளையாட்டை ஏழு கட்டங்களாக அமைத்தனர். அதன் மாற்று வடிவத்தை ஆஸ்திரேலியாவில் 10 பள்ளிகளைச் சேர்ந்த 540 இறுதியாண்டு மாணவர்களிடையே, பொதுத்தேர்வுக்கு முன்பே சோதித்தார்கள். முடிவு 2017இல் வெளிவந்தது. விளையாட்டில் பயின்றவர்களிடம் ஆறு மாதம் வரை சோர்வின் அறிகுறிகள் ஓரளவு குறைவாக இருந்தன. 18 மாதங்களில் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது.

இதிலிருந்து நாம் அறிவது இரண்டு. நெருக்கடி வருமுன்பே பயிற்சி தரவேண்டும். ஒருமுறை தந்துவிட்டு மறந்துவிடவும் கூடாது. கணினி சொல்லித்தருவதை வீட்டுப் பேச்சுதான் நிலைக்கச் செய்யும். தாத்தா, பாட்டி, அத்தை என்று யாரும் அருகில் இல்லாத நம் குடும்பங்களில் அந்தப் பொறுப்பு முழுவதும் நம்முடையதே. பிள்ளை இந்தியிலோ ஆங்கிலத்திலோ மனம் திறந்தாலும், திருத்தாமல் கேளுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் சோர்வு நீடித்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. மத்திய அரசு 2022இல் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம்; கட்டணம் கிடையாது. தமிழிலும் பேசலாம்.

இன்றிரவே பிள்ளையிடம் மதிப்பெண்ணைப் பற்றி அல்லாமல், மனத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.