இடையணி வீரர் நோல்பெர்த்தோ சொலானோ

கால்பந்தாட்டத்தில் கோல் போட்டவனது பெயரே எங்கும் முழங்கும். உரிய காலத்தில் உரிய இடத்தில் அவனுக்குப் பந்தைச் சேர்ப்பித்தவனை நினைப்பவர் சிலரே. முன்னணிக்கும் பின்னணிக்கும் நடுவே நின்று, தாக்குதலுக்கும் தற்காப்பிற்கும் ஒருங்கே உழைக்கும் இடையணி வீரனது தொழில் இத்தகையது. அத்தொழிலில் தேர்ந்து, பின்னர்ப் பயிற்சியாசிரியராகவும் விளங்கிய பெரு நாட்டினர் ஒருவரது வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம்.

பெருவின் தலைநகராகிய லீமாவை அடுத்த கல்யாவ் துறைமுகத்தில் 1974-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 12-ஆம் தேதி நோல்பெர்த்தோ சொலானோ பிறந்தார். லீமாவின் ஸ்போர்ட்டிங் கிறிஸ்டல் கழகம் 1994, 1995, 1996 ஆகிய மூன்றாண்டுகளிலும் தொடர்ந்து நாட்டின் வெற்றிப் பட்டத்தைப் பெற்றபோது, அதன் இளம் வீரருள் அவரும் ஒருவர். 1997-இல் அர்ஜென்டினாவின் போக்கா ஜூனியர்ஸ் கழகத்திற்குச் சென்று, மரடோனாவுடன் ஓரணியில் ஆடினார். 1998-இல் இங்கிலாந்தின் நியூகாசில் யுனைடெட் கழகத்தை அடைந்தார். அந்நாட்டின் பிரிமியர் லீக்கில் ஆடிய முதற் பெரு நாட்டினர் அவரே.

அவரது திறமை யாதெனின், வலப்புறத்தினின்று பந்தை வளைத்தனுப்பும் நுட்பமே எனலாம். எதிரணிப் பின்னணியினர்க்கும் கோல் காப்பாளர்க்கும் இடைப்பட்ட வெளியில் அப்பந்து சென்று விழும். காப்பாளர் முன்வந்தாலோ கைக்கு எட்டாது. பின்னணியினர் திரும்புவதற்குள் காலங் கடந்துவிடும். அந்நொடியில் ஆலன் ஷியரர் போன்ற முன்னணி வீரர் தலையால் மோதிக் கோலாக்குவர். ஸர் பாபி ராப்சனின் பயிற்சியின் கீழ் அக்கழகம் 2002-இல் நான்காம் இடத்தையும், 2003-இல் மூன்றாம் இடத்தையும் எய்தியதில் சொலானோவின் பங்கு சிறிதன்று. எக்காளம் ஊதுவதிலும் அவர் வல்லவர். பல கருவிகள் ஒத்திசைத்தாலன்றி இன்னிசை பிறவாதென்பதை அவர்க்கு எவரும் கற்பிக்க வேண்டியிருந்திராது.

நிற்க. இத்துணைச் சிறப்புற்றும், உலகக் கோப்பைப் பந்தயத்தில் ஆடும் பேறு அவர்க்கு வாய்க்கவில்லை. 1982-க்குப் பின் பெரு அப்பந்தயத்திற்குத் தகுதி பெற்றிலது. 1998-ஆம் ஆண்டுப் பந்தயத்திற்கான தகுதி ஆட்டங்களில் பெருவும் சிலியும் 16 ஆட்டங்களில் தலைக்கு 25 புள்ளிகள் பெற்றுச் சமமாய் நின்றன. கோல் வித்தியாசத்தில் முந்திய சிலி பிரான்சுக்குச் சென்றது; பெரு வீட்டிலிருந்தது. பின்னர்ப் பல்லாண்டு தம் நாட்டிற்காக ஆடியும் சொலானோவிற்கு அவ்வாயில் திறக்கவேயில்லை.

மனமொடிந்தவர் இவ்விடத்தில் விளையாட்டையே வெறுத்திருப்பர். அவரோ 2012-இல் லீமாவின் யூனிவர்சிட்டாரியோ கழகத்தின் பயிற்சியாசிரியரானார். 2015 முதல், பெரு அணியின் தலைமைப் பயிற்சியாசிரியராகிய ரிக்கார்டோ கரேக்காவிற்குத் துணைவராய் அமர்ந்தார். 2017-இல் தகுதி ஆட்டங்கள் முடிந்தபோது, பெருவும் சிலியும் மீண்டும் 26 புள்ளிகளோடு சமமாய் நின்றன. இம்முறை கோல் வித்தியாசத்தில் முந்தியது பெரு! அதன்பின் நியூசிலாந்தை லீமாவில் 2-0 என வென்று, 36 ஆண்டுகளுக்குப் பின் உலகக் கோப்பையுட் புகுந்தது. 2018-இல் ருஷியாவில் டென்மார்க்கிடமும் பிரான்சிடமும் 0-1 எனத் தோற்றதாயினும், ஆஸ்திரேலியாவை 2-0 என வென்றது. உலகக் கோப்பையில் 1978-க்குப் பின் பெரு பெற்ற முதல் வெற்றி அதுவே.

ஆட்டக்காரராய்ப் பெறாததைச் சொலானோ ஆசிரியராய்ப் பெற்றார் என்பது முற்றும் பொருந்தாது. ருஷியாவில் களத்தில் ஓடிய கால்கள் அவருடையவை அல்ல. தலைமைப் பெயரும் அவருடையதன்று. தமக்கு மறுக்கப்பட்ட இடத்திற்குப் பிறரை அனுப்பி வைத்து, ஓரத்தில் நின்று கண்டார். அது முன்னமே அவர் பழகிய தொழிலன்றோ? பந்தை வளைத்தனுப்பி, பிறர் கோலாக்கக் கண்டு மகிழ்ந்தவர் அவர்.

மாணவ நண்பர்காள்! நம்முள் கோல் போடுவோர் சிலரே. பந்தைச் சேர்ப்பிக்க வேண்டியவரே பலர். அப்பணி எளியதென்று எண்ணாது, செவ்வையாய்ச் செய்யக் கற்போமாக.