ஒளியால் படிக்கும் கருவி

பிற மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் அலமாரிகளில் பழைய குறுந்தகடுகள் சில இன்றும் கிடக்கக் காணலாம். பெற்றோரின் திருமணம், அத்தையின் வளைகாப்பு, காதணி விழா, மறைந்துபோன தாத்தா சொன்ன கதை என அவற்றில் பதிந்திருப்பவை எந்தக் கடையிலும் கிடைக்காதவை. இன்றைய மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் தகடு படிக்கும் இயக்கியே இல்லை. பழைய கணினியில் இட்டுப் பார்த்துப் படம் தோன்றாவிட்டால், தகடு கெட்டுவிட்டது என்று குப்பையில் எறிந்துவிடுவோர் பலர். கெட்டது தகடா, இயக்கியா என்று ஆராயாமல் எறிவது பெரும்பிழை.

குறுந்தகடு 1982ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. பிலிப்ஸ், சோனி ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து அதன் அளவுகளை வகுத்தன. விட்டம் 120 மில்லிமீட்டர், தடிமன் 1.2 மில்லிமீட்டர். அதனுள் கொசுவர்த்திச் சுருளைப் போல ஒரே தடம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கிச் சுற்றிச் செல்கிறது. அத்தடத்தை நேராக நீட்ட முடிந்தால் 5 கிலோமீட்டருக்கும் மேல் நீளும்! தடம் முழுவதும் கண்ணுக்குப் புலப்படாத குழிகள் உள்ளன. இயக்கியிலுள்ள லேசர் ஒளி, ஒரு சிறு வில்லையின் வழியாகத் தடத்தின்மேல் குவிந்து, பட்டுத் திரும்புகிறது. குழியின் ஓரத்தைக் கடக்கும்போதெல்லாம் திரும்பும் ஒளியின் அளவு மாறும். அம்மாற்றத்தைக் கருவி 1 என்றும், மாற்றமில்லாத இடத்தை 0 என்றும் கொள்கிறது.

சி.டி.யைப் படிப்பது 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளி, டி.வி.டி.யைப் படிப்பது 650 நானோமீட்டர் சிவப்பு ஒளி. புளூ-ரே தகட்டைப் படிப்பது 405 நானோமீட்டர் ஊதா ஒளி. அலைநீளம் குறையக் குறைய ஒளிப்புள்ளியும் சிறிதாகும். குழிகளை நெருக்கமாக அமைக்கலாம். ஆகவேதான் சி.டி.யில் 700 மெகாபைட், டி.வி.டி.யில் 4.7 கிகாபைட், புளூ-ரேயில் 25 கிகாபைட் எனக் கொள்ளளவு பெருகியது.

வீட்டிலோ ஒளிப்படக் கடையிலோ பதிவு செய்த தகட்டில் குழிகள் இல்லை. அவற்றுக்கு மாறாகச் சாயப்படலம் ஒன்று உண்டு. வெயிலும் வெப்பமும் அப்படலத்திற்குப் பகை. சி.டி.யின் பளபளப்பான பக்கத்தைக் காப்பாற்றிவிட்டு, மேற்பக்கத்தில் பந்துமுனைப் பேனாவால் அழுத்தி எழுதுவோர் உண்டு. உண்மையில் தரவுப்படலம் இருப்பது அம்மேற்பக்கத்தை ஒட்டியே! பளபளப்பான பக்கத்தில் விழும் சிறு கீறலைக் கருவியின் பிழைதிருத்தும் முறை சமாளித்துவிடும். மேற்பக்கத்தில் படலமே பெயர்ந்துவிட்டால் மீட்க வழியில்லை.

மேசைக் கணினியில் இயக்கியைப் பொருத்துவது கடினமன்று. மின்னிணைப்பைத் துண்டித்து, பெட்டியின் உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டபின், 5.25 அங்குல அறையில் இயக்கியை முன்புறமாகச் செலுத்தித் திருகாணிகளால் இறுக்க வேண்டும். சாட்டா வகை இயக்கிக்கு இரண்டு இணைப்புகள்: தாய்ப்பலகைக்குச் செல்லும் குறுகிய தரவு வடம், மின்வழங்கியிலிருந்து வரும் அகன்ற மின்வடம். இரண்டும் ஒரே திசையில்தான் நுழையும். வலிந்து திணிக்கக் கூடாது. மடிக்கணினியாயின் யு.எஸ்.பி. வகை வெளி இயக்கி போதும். அதனைப் பல செருகுவாய்கள் கொண்ட இடைக்கருவியில் செருகாமல் கணினியிலேயே நேராகச் செருகுதல் நன்று. மின்சாரம் போதாமல் தகடு சுழலாது நிற்பது அடிக்கடி நேர்வது.

இனிக் குறை காணும் முறை. விளக்கு எரியாமலும் தட்டு திறவாமலும் இருந்தால் முதலில் மின்வடத்தைப் பார்க்க வேண்டும். உள்ளே சிக்கிய தகட்டை எடுக்க முகப்பில் ஒரு நுண்துளை உண்டு. கணினியை அணைத்துவிட்டு, நிமிர்த்திய காகிதக் கவ்வியை அதனுள் நேராக அழுத்தினால் தட்டு வெளிவரும். கணினி தொடங்கும்போது தோன்றும் பயாஸ் திரையில் இயக்கியின் பெயர் இல்லையெனில் ஐயம் வடத்தின்மேல் செல்லும்; அங்கே இருந்தும் விண்டோஸில் தோன்றாவிட்டால் மென்பொருளின்மேல் செல்லும்.

பெயர் தோன்றியும் தகடு படிக்கப்படவில்லையா? வேறொரு நல்ல தகட்டை இட்டுப் பார்க்க வேண்டும். எதுவுமே ஓடாவிட்டால் வில்லையில் தூசு படிந்திருக்கலாம். சி.டி. ஓடி, டி.வி.டி. மட்டும் ஓடாவிட்டால் சிவப்பு லேசர் பழுதாகியிருக்கலாம். நல்ல தகடு ஓடி, வீட்டுத் தகடு மட்டும் ஓடாவிட்டால் அதை மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். அதுவும் வட்டமாக அன்று, நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக. தடத்தின் போக்கிலேயே விழும் கீறல் தொடர்ச்சியான தரவுகளை அழித்துவிடும். குறுக்கே விழும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் சிறிதளவே மறைக்கும்.

அதன் பின்னும் ஓடாத தகட்டை எறிந்துவிடாமல் வேறோர் இயக்கியில் இட்டுப் பார்க்கலாம். ஒன்று படிக்காததை மற்றொன்று படிப்பதுண்டு. மேல்மூடி கழற்றிய இயக்கிக்கு மின்சாரம் கொடுத்து உள்ளே உற்றுநோக்குதல் கண்ணுக்குத் தீங்கு. தகடு ஓடத் தொடங்கியதும் முதல் வேலை வன்வட்டில் படியெடுத்தல். படம் பார்ப்பதை அதன்பின் வைத்துக்கொள்ளலாம்.

பயிற்சி

1. தகட்டை வட்டமாகத் துடைக்கக் கூடாது என்பதன் காரணம் யாது?
2. ஓர் இயக்கியில் சி.டி. ஓடுகிறது, டி.வி.டி. ஓடவில்லை. குறை எங்கே இருக்கலாம்?
3. பிரித்து எழுதுக: மின்னிணைப்பு, சாயப்படலம், படியெடுத்தல்.
4. உன் வீட்டிலுள்ள பழைய தகடு ஒன்றில் பதிந்திருப்பது யாது எனப் பெற்றோரிடம் கேட்டு, ஐந்து தொடர்களில் எழுதுக.