குறுக்கு பத்திரம்! கம்பம் பள்ளத்தாக்குக் குடும்பங்களுக்குச் சில குறிப்புகள்

தேனிப் பக்கம் இடுப்புக்குப் பின்னால் வரும் வலியைக் குறுக்கு வலி என்றுதான் சொல்வோம். நாற்று நடுகிறவர், ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறுகிறவர், ஆண்டிபட்டிப் பக்கம் தறிக்குழியில் கால் இறக்கி உட்காருகிறவர் என்று யாரையும் அது விட்டுவைப்பதில்லை. மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டே காலம் தள்ளுகிறோம். அதற்கு முன்னால் இவற்றையும் கொஞ்சம் பாருங்கள்.

1. முதலில் எலும்புக் கணக்கு. சின்ன வயதில் முதுகெலும்பில் 33 துண்டுகள். கழுத்தில் 7, நெஞ்சுக்குப் பின்னால் 12, இடுப்பில் 5. அதற்குக் கீழே உள்ள 5 எலும்புகள் வளர வளர ஒன்றாகிவிடும். கடைசி 4 சேர்ந்து வால் எலும்பு. அசையும் எலும்புகளுக்கு நடுவே இருப்பதுதான் டிஸ்க். "ஜவ்வு விலகிருச்சு" என்று டாக்டர் சொன்னதாக வீட்டில் வந்து சொல்கிறோமே, அது இதுதான். உண்மையில் அது விலகுவதில்லை, பிதுங்குகிறது. கொழுக்கட்டையை ஒரு பக்கம் அழுத்தினால் பூரணம் மறுபக்கம் வருமே, அப்படி. முன்னால் குனிந்து பாரம் தூக்கினால் டிஸ்க் பின்னால் பிதுங்கும். பின்னால்தான் நரம்பு இருக்கிறது. பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இடுப்பின் கடைசி இரண்டு டிஸ்குகள். அதனால்தான் வலி புட்டத்தில் தொடங்கித் தொடை வழியாகப் பாதம் வரை மின்னலாய் இறங்குகிறது. இதைத்தான் சியாட்டிகா என்கிறார்கள்.

2. எழுந்தவுடன் ஒரு மணி நேரம் குனிந்து பாரம் தூக்காதீர்கள். இரவில் படுத்திருக்கும்போது டிஸ்க் தண்ணீரை இழுத்து உப்பிவிடுகிறது. காலையில் நம் உயரமே ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கூடியிருக்கும். உப்பிய டிஸ்க் குனியும்போது அதிகம் இழுபடும். காலையில் குனிவதைத் தவிர்த்தவர்களுக்கு முதுகு வலி குறைந்ததாக அமெரிக்காவில் 1998இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. நம் வீடுகளில் நடப்பது நேர்மாறு. தோட்ட வேலைக்குப் போகிற பெண் விடியுமுன் எழுந்து, வாசல் கூட்டி, குடம் தூக்கி, பாத்திரம் விளக்கி, தூக்குவாளியில் சோறு கட்டிக்கொண்டு ஜீப்புக்கு ஓடுகிறார். குனிகிற வேலை எல்லாம் அந்த ஒரு மணி நேரத்திலேயே முடிந்துவிடுகிறது. தண்ணீரை முதல் நாள் இரவே பிடித்து வையுங்கள். எழுந்ததும் நின்றபடி செய்யும் சமையலைத் தொடங்கி, கூட்டுவதையும் விளக்குவதையும் பின்னுக்குத் தள்ளுங்கள். காலையில் குடத்தை ஆம்பளைகள் தூக்கினால் குடி ஒன்றும் முழுகிவிடாது.

3. நிறைந்த கேஸ் சிலிண்டர் ஏறக்குறைய 30 கிலோ. அதைத் தூக்கவே தூக்காதீர்கள், சாய்த்து உருட்டுங்கள். குடத்தையும் அரிசி மூட்டையையும் எடுக்கும்போது முட்டியை மடக்கி இறங்கி, உடம்போடு ஒட்டப் பிடித்து எழுங்கள். ஒரு முழம் தள்ளிப் பிடித்தால் அதே பாரம் முதுகுக்குப் பல மடங்காகிவிடும். தூக்கியபடி இடுப்பைத் திருகக் கூடாது. காலை எடுத்து வைத்துத் திரும்புங்கள்.

4. தென்னை விளக்குமாற்றில் ஒரு நீளக் கம்பைச் செருகிக் கட்டினால் குனியாமல் கூட்டலாம். காசு செலவில்லாத வைத்தியம். கோலத்தைக் குத்துக்கால் வைத்துப் போடுங்கள்.

5. ஏலச்செடியில் காய் பிடிக்கும் சரம் வேரடியில், தரையை ஒட்டி ஓடும். பறிப்பவர் நாள் முழுக்க மடங்கித்தான் கிடக்க வேண்டும். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து, இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்து மெதுவாகப் பின்னால் வளையுங்கள். ஐந்து முறை போதும். கங்காணி முறைத்தால் முறைக்கட்டும்.

6. திராட்சைத் தோட்டத்தில் கதை வேறு. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் கம்பம் பன்னீர் திராட்சை தலைக்கு மேலே பந்தலில் தொங்குகிறது. கவாத்துக்கும் குலை வெட்டுக்கும் அண்ணாந்தே நிற்பதில் கழுத்து எலும்புக்குத்தான் சோதனை. உயரம் குறைந்தவர்கள் ஒரு மரப்பலகையைப் போட்டு ஏறி நின்றால் கழுத்து அவ்வளவு பின்னால் சாயாது. கையில் மதமதப்பு, விரலில் பிடிப்பில்லாமல் சாமான் நழுவுவது என்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.

7. போடி மெட்டு, கம்பம் மெட்டுப் பாதைகளில் ஜீப்பின் பின்பக்கம், சக்கரத்துக்கு மேலே உட்காருபவருக்குத்தான் குலுக்கல் அதிகம். வயதானவர்களுக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கும் முன்பக்க இடத்தை விட்டுக்கொடுங்கள்.

8. குறுக்கு பிடித்துக்கொண்டால் வாரக்கணக்கில் படுக்க வேண்டாம். ஒன்றிரண்டு நாள் போதும். வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, வலி பொறுக்கும் அளவுக்கு வீட்டுக்குள்ளேயே நடங்கள். பெரும்பாலான பிடிப்பு ஆறு வாரத்துக்குள் தானே அடங்கிவிடும். டிஸ்க் பிதுங்கியவர்களிலும் பெரும்பாலோருக்கு ஆபரேஷன் தேவைப்படாது.

9. கால் முன்னால் வரப் பிறந்தவரைக் கூப்பிட்டுக் குறுக்கில் மிதிக்கச் சொல்லும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். அறுபதைத் தாண்டிய பாட்டிக்கு எலும்பு தேய்ந்து பொத்தலாகியிருக்கும். ஒரு மிதியில் முள்ளெலும்பு நொறுங்கிவிடும்.

10. "கட்டாந்தரையில் படுத்தால் முதுகு வலி போகும்" என்பது பாதி உண்மைகூட இல்லை. ரொம்பக் கெட்டியான மெத்தையைவிட நடுத்தரமான மெத்தையே நல்லது என்று 2003இல் ஸ்பெயின் நாட்டு ஆய்வு ஒன்று காட்டியது. குழி விழுந்த பஞ்சு மெத்தையைப் புதிதாக அடித்துத் தைத்தாலே போதும்.

11. பள்ளிப் பை, பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. பத்து வயதைத் தாண்டிய பெண் பிள்ளையை வருடம் ஒருமுறை கையை முன்னால் தொங்கவிட்டுக் குனியச் சொல்லி, பின்னாலிருந்து முதுகைப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் மேடாகத் தெரிந்தால் முதுகு பக்கவாட்டில் வளைகிறது என்று பொருள். வளரும் வயதிலேயே பார்த்தால் பெல்ட் போட்டே வளைவு கூடாமல் நிறுத்த வாய்ப்புண்டு.

12. கேப்பை 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம். வாரம் இரண்டு நாள் களியோ கூழோ, கூடவே முருங்கைக்கீரை. வெயிலும் உடம்பில் படட்டும்.

13. டிஸ்குக்குள் ரத்தக் குழாய் கிடையாது. பக்கத்து எலும்பிலிருந்து கசிந்து வருவதுதான் அதற்குச் சாப்பாடு. பீடியும் சிகரெட்டும் அந்தக் கசிவையும் குறைத்துவிடும்.

14. இடுப்புப் பெல்ட்டை நாள் முழுக்கப் போட்டால் தசை சோம்பேறியாகிவிடும்.

15. ஒத்தடம் கொடுத்துக் காத்திருக்கவே கூடாத அறிகுறிகள் உண்டு. செருப்பு காலிலிருந்து தெரியாமல் கழன்று விழுவது, உட்காருமிடம் மரத்துப்போவது, சிறுநீர் போவது தெரியாமலிருப்பது அல்லது முட்டியும் வராமல் நிற்பது. இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். நாள் கடத்தினால் நரம்பு திரும்பாது.

16. மாலைக் காய்ச்சல், எடை குறைவு, ராத்திரியில் கூடும் முதுகு வலி மூன்றும் சேர்ந்தால் முதுகெலும்பில் காசநோயா என்று பார்க்கச் சொல்லுங்கள். காசநோய் நுரையீரலுக்கு மட்டும் வருவதில்லை. மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். மாதக்கணக்கில், டாக்டர் சொல்லும் வரை விடாமல் சாப்பிட வேண்டும்.

17. தென்னை மரத்திலிருந்தோ ஜீப்பிலிருந்தோ விழுந்தவரைக் கை கால் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கி உட்கார வைக்காதீர்கள். உடைந்த எலும்பு தண்டுவடத்தை நசுக்குவது பலருக்கு அப்போதுதான் நடக்கிறது. 108க்கு அழையுங்கள். நகர்த்தியே ஆக வேண்டுமென்றால் தலை, கழுத்து, இடுப்பு ஒரே நேர்க்கோட்டில் இருக்கும்படி நாலு பேர் சேர்ந்து பலகையில் ஏற்றுங்கள். ஏற்கெனவே கை கால் அசைவில்லாமல் போனவர் வீட்டில் இருந்தால் மூலையில் கிடத்திவிடாதீர்கள். 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே அசைவிழந்த எஸ். ராமகிருஷ்ணன், தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் 1981இல் தொடங்கியது அமர் சேவா சங்கம். தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு அங்கே மறுவாழ்வுப் பயிற்சி கொடுக்கிறார்கள். ஒருமுறை அழைத்துப் போய்ப் பாருங்கள்.