மின்சாரப் பிக்கப் வாங்கலாமா? வீட்டுக் கணக்கில் ஒரு பாடம்

பேராக் மாநிலத் தோட்டம் ஒன்றில் சிக்கனம் பற்றி உரையாற்றி முடித்த மாலை, மண்டபத்தின் பின்வரிசையில் அமர்ந்திருந்த ஒருவர் எழுந்து நின்றார். அவர் இருபத்தெட்டு ஆண்டுகள் தோட்டத்தில் உழைத்தவர். இப்போது பழைய டீசல் பிக்கப் ஒன்றை வைத்துக்கொண்டு, சிறுதோட்டக்காரர்களின் செம்பனைக் குலைகளை எடை நிலையத்திற்குக் கொண்டு சேர்க்கும் குத்தகை வேலையைச் செய்து வருகிறார்.

“ஐயா, டீசல் விலை ஏறிவிட்டது. மின்சார வண்டி வாங்கினால் எண்ணெய்ச் செலவே இல்லை என்று பட்டணத்தில் சொல்கிறார்கள். சேமநிதிப் பணத்தில் ஒரு பகுதி கையில் இருக்கிறது. அதை முன்பணமாகக் கட்டி வாங்கிவிடலாமா?” என்று அவர் கேட்டார்.

அவர் அருகில் அமர்ந்திருந்த துணைவியார் தலைகுனிந்தபடியே, “மகள் மேற்படிப்புக்கு வைத்திருக்கும் பணமும் அதுதான் ஐயா” என்றார்.

ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பைப் பற்றிய கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் விடை கூறுவது முறையன்று. அன்று அவரோடு அமர்ந்து கரும்பலகையில் போட்ட கணக்கையே இங்குப் பாடமாகத் தருகிறோம். வாசகர்கள் தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொண்டு படித்தால் பயன் மிகும்.

டீசல் விலையின் கதை

தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டருக்கு 2 ரிங்கிட் 15 சென்னாக நெடுங்காலம் இருந்ததை நாம் அறிவோம். 2024ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் பொது உதவித்தொகை நீக்கப்பட்டு, அதன் விலை 3 ரிங்கிட் 35 சென் ஆயிற்று. அதன்பின் உலகச் சந்தையை ஒட்டி விலை ஏறியிறங்கும் முறை வந்தது. சபா, சரவாக், லாபுவான் ஆகிய பகுதிகளில் அவ்வேளை பழைய விலையே வைக்கப்பட்டது.

இம்மாற்றத்தோடு, தகுதி பெற்ற தனிநபர் டீசல் வண்டி உரிமையாளர்களுக்கும் சிறுதோட்டக்காரர்களுக்கும் விவசாயிகளுக்கும் ‘பூடி மடானி’ திட்டத்தின்கீழ் மாதம் 200 ரிங்கிட் உதவித்தொகை தொடங்கப்பட்டது. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கணக்கின் இறுதியில் இது மீண்டும் வரும்.

வண்டியின் இயல்பு

மின்சாரப் பிக்கப்பில் டீசல் தொட்டிக்குப் பதிலாகப் பெரிய மின்கலம் உள்ளது. அதன் கொள்ளளவைக் கிலோவாட் மணியில் அளப்பர். ஒரு கிலோவாட் மணி என்பது நம் மின்கட்டண ரசீதில் காணும் ஒரு யூனிட்டே ஆகும்.

இசுசு டி-மேக்ஸ் மின்சார வண்டியின் மின்கலம் 66.9 யூனிட் கொள்வது. ஐரோப்பியச் சோதனை முறைப்படி ஒருமுறை மின்னேற்றினால் அது 263 கிலோமீட்டர் ஓடும்; ஏறத்தாழ ஒரு டன் சுமக்கும்; மூன்றரை டன் வரை இழுக்கும். மேக்சஸ் டி90 மின்சார வண்டியின் மின்கலமோ 88.5 யூனிட் கொள்வது; ஓடும் தூரம் 330 கிலோமீட்டர். ஆயினும், இதே வண்டி ஆஸ்திரேலியாவில் விற்கப்பட்டபோது அதன் இழுக்கும் அளவு ஒரு டன் என்றே குறிக்கப்பட்டது. மின்கலம் பெரியது என்பதால் வண்டியின் வலிமையும் பெரியது என்று கருதிவிடக் கூடாது என்பதற்கு இது சான்று. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் உள்ள எண்ணை மட்டும் பாராமல், நம் வேலைக்கு உரிய எண்ணைத் தேடிப் பார்க்க வேண்டும்.

சோதனையில் ஓடும் தூரமும் தோட்டத்தில் ஓடும் தூரமும் ஒன்றல்ல. நிறைய குலை ஏற்றி, மழையில் ஊறிய செம்மண் சாலையில், குளிர்சாதனமும் இயங்க ஓடும் வண்டி, சொன்ன தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஓடும் என்று கணக்கிடுவதே பாதுகாப்பு. 263 கிலோமீட்டர் என்பதை ஏறத்தாழ 175 கிலோமீட்டர் எனக் கொள்க. அளவுக்கு மீறிச் சுமை ஏற்றும் பழக்கம் உடையவர்கள் இன்னும் குறைத்துக்கொள்ள வேண்டும். அப்பழக்கம் சட்டத்திற்கும் உயிருக்கும் கேடு என்பதைத் தனியே கூற வேண்டியதில்லை.

இவ்வகை வண்டிக்கு ஒரு சிறப்பும் உண்டு. இறக்கத்தில் வேகத்தைத் தணிக்கும்போது அதன் மோட்டாரே மின்னாக்கியாக மாறி, மின்கலத்திற்குச் சிறிதளவு மின்சாரத்தைத் திருப்பி அளிக்கும். கேமரன் மலையிலிருந்து காய்கறி ஏற்றிக் கீழே இறங்கி, வெறுமையாக மேலேறும் வண்டிக்கு இது நல்ல துணை. சமதரையில் ஓடும் வண்டிக்கு அவ்வளவு பயன் இல்லை.

எங்கே மின்னேற்றுவது?

வண்டியை வாங்கலாமா என்ற கேள்விக்கு முன்னே, இரவில் அது எங்கே நிற்கும் என்ற கேள்விக்கு விடை காண வேண்டும்.

2025 ஜூலை முதல் நாள் நடப்புக்கு வந்த தீபகற்ப மின்கட்டண அட்டவணையில், மாதம் 1,500 யூனிட் வரை பயன்படுத்தும் வீட்டிற்கு அடிப்படைக் கட்டணங்கள் சேர்ந்து யூனிட்டுக்கு 44.43 சென் என வகுக்கப்பட்டது. ஆனால் கணக்கு அத்துடன் முடிவதில்லை. குறைவாகப் பயன்படுத்தும் வீட்டிற்குக் கிடைக்கும் தள்ளுபடி, பயனீடு ஏற ஏறச் சுருங்கி, மாதம் 1,000 யூனிட்டைத் தாண்டினால் இல்லாமற் போகும். 600 யூனிட்டைக் கடந்த வீட்டிற்கு மாதம் 10 ரிங்கிட் சில்லறைக் கட்டணமும் சேரும். ஆகவே வண்டிக்கு ஏற்றும் மின்சாரத்தை யூனிட்டுக்கு 50 சென் எனக் கொள்வதே நேர்மையான கணக்கு.

பொது மின்னேற்று நிலையங்களில் விரைவாக ஏற்றும் கருவிகளுக்குப் பெரும்பாலும் யூனிட்டுக்கு ஒரு ரிங்கிட்டுக்கு மேல் கேட்கிறார்கள். நாட்டில் 2025 இறுதிக்குள் 10,000 நிலையங்கள் என்ற இலக்கு எட்டப்படவில்லை. உள்ளவற்றிலும் பெரும்பகுதி நகரங்களையும் நெடுஞ்சாலைகளையும் ஒட்டியே இருக்கிறது.

இனி வீட்டு நிலைமை. சாதாரண மூன்று முனைச் செருகியில் மணிக்கு ஏறத்தாழ இரண்டு யூனிட்டுக்குச் சற்று மேல் ஏற்றலாம். 20 யூனிட் ஏற்ற ஓர் இரவு முழுவதும் வேண்டும். தனிக் கம்பியிட்டு 7 கிலோவாட் கருவி பொருத்தினால் மூன்று மணி நேரம் போதும். பழைய லயத்து வீடுகளின் கம்பிகள் விளக்கிற்கும் விசிறிக்கும் இழுக்கப்பட்டவை. பத்து மணி நேரம் ஓயாது ஓடும் மின்சாரத்தால் அவை சூடேறித் தீப்பற்றக் கூடும். நீட்டுக் கம்பியில் வண்டிக்கு மின்னேற்றுவது கூடவே கூடாது. எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனை அழைத்துச் சோதித்த பின்னரே எதையும் செய்ய வேண்டும். வீடு நிர்வாகத்திற்குச் சொந்தமானால், அதன் அனுமதியை எழுத்து வடிவில் பெறுவதும் அவசியம்.

கரும்பலகைக் கணக்கு

இப்போது கணக்கிற்கு வருவோம். எளிமைக்காகச் சில எண்களை எடுத்துக்கொள்கிறோம்; வாசகர்கள் தத்தம் எண்களை அவ்விடத்தில் இட்டுக்கொள்ளலாம்.

டீசல் வண்டி 100 கிலோமீட்டருக்கு 10 லிட்டர் குடிக்கிறது. லிட்டர் 3 ரிங்கிட் எனக் கொள்வோம். செலவு 30 ரிங்கிட்.

மின்சார வண்டி, ஏறும்போது ஏற்படும் இழப்பும் சேர்த்து, 100 கிலோமீட்டருக்கு 35 யூனிட் எடுக்கிறது எனக் கொள்வோம். வீட்டில் ஏற்றினால் 17 ரிங்கிட் 50 சென். யூனிட்டுக்கு 1 ரிங்கிட் 20 சென் கேட்கும் பொது நிலையத்தில் ஏற்றினால் 42 ரிங்கிட். அதாவது, வீட்டில் ஏற்ற வழியில்லாதவருக்கு மின்சாரம் டீசலைவிட விலை கூடியதாகிவிடுகிறது!

முதல் கணக்கு: நாளொன்றுக்கு 60 கிலோமீட்டர், மாதம் 26 நாள், மொத்தம் 1,560 கிலோமீட்டர். டீசலுக்கு 468 ரிங்கிட். வீட்டு மின்சாரத்திற்கு 273 ரிங்கிட். மிச்சம் 195. இயந்திர எண்ணெய், டீசல் வடிகட்டி முதலியன மின்சார வண்டிக்கு இல்லை. அதற்கென 50 ரிங்கிட் கூட்டினால் மிச்சம் 245 ரிங்கிட்.

இரண்டாம் கணக்கு: நாளொன்றுக்கு 120 கிலோமீட்டர், மாதம் 3,120 கிலோமீட்டர். டீசலுக்கு 936, மின்சாரத்திற்கு 546. மிச்சம் 390, பராமரிப்பு மிச்சம் சேர்த்து 440 ரிங்கிட்.

மின்சார வண்டியின் விலை அதே தரமுள்ள டீசல் வண்டியைவிட 40,000 ரிங்கிட் அதிகம் என்று வைத்துக்கொண்டால், முதல் வகையினர் அதை மீட்க 13 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இரண்டாம் வகையினருக்கு ஏழரை ஆண்டுகள் ஆகும். விலை வேறுபாடு 20,000 ரிங்கிட்டாகக் குறைந்தால் இக்காலமும் பாதியாகும்.

இங்கேதான் அந்த 200 ரிங்கிட் வருகிறது. டீசல் வண்டிக்காக அவ்வுதவியைப் பெறுபவர் வண்டியை விற்றுவிட்டால், உதவிக்கான தகுதியையும் இழக்க நேரலாம். அப்போது முதல் வகையினரின் மிச்சம் 245லிருந்து 45 ரிங்கிட்டாகச் சுருங்கும்; விலை வேறுபாட்டை மீட்க ஒரு தலைமுறையே போதாது. இரண்டாம் வகையினருக்கும் 13 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

தவணை வட்டியையும் மறத்தலாகாது. கூடுதலான அந்த 40,000 ரிங்கிட்டை ஆண்டுக்கு 3 விழுக்காடு நிலையான வட்டியில் ஒன்பது ஆண்டுத் தவணைக்கு எடுத்தால், வட்டி மட்டும் 10,800 ரிங்கிட் ஆகும்.

கையொப்பத்திற்கு முன்

விற்பனையாளரிடம் கேட்க வேண்டியவை மூன்று.

ஒன்று, மின்கல உத்தரவாதம். பல நிறுவனங்கள் 8 ஆண்டு அல்லது 160,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அதுவரை உத்தரவாதம் அளிக்கின்றன. நாளும் 120 கிலோமீட்டர் ஓடும் வண்டி ஆண்டுக்கு 37,440 கிலோமீட்டர் ஓடும். நாலேகால் ஆண்டிலேயே அந்த எல்லையை எட்டிவிடும். எட்டு ஆண்டு என்ற சொல்லைக் கேட்டு மகிழ்ந்தவருக்கு இது தெரிய வேண்டும்.

இரண்டு, வரி. முழுதாக இறக்குமதியான மின்சார வண்டிகளுக்கு அளிக்கப்பட்ட வரிவிலக்கு 2025 டிசம்பர் 31உடன் முடிந்தது. உள்நாட்டில் பொருத்தப்படுபவற்றிற்கு 2027 இறுதிவரை காலம் குறிக்கப்பட்டது. சாலை வரி விலக்கும் 2025உடன் முடிந்து, மோட்டாரின் கிலோவாட் ஆற்றலை ஒட்டி வரி கணக்கிடும் முறை 2026இல் வந்தது. எனவே முன்பு வாங்கிய நண்பர் சொல்லும் விலையை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

மூன்று, பழுது. வண்டி நின்றுவிட்டால் அதைத் திறந்து பார்க்கத் தகுதி பெற்ற பட்டறை எத்தனை கிலோமீட்டரில் உள்ளது? உதிரிப்பாகம் வர எத்தனை நாள்? குலை அறுத்து வைத்தபின் காத்திராது. வண்டி ஒரு வாரம் நின்றால் ஒரு வார வருமானம் நின்றுவிடும்.

யாருக்கு ஏற்றது?

மேற்கண்டவற்றால் ஓர் உண்மை புலனாகிறது. நாள்தோறும் நெடுந்தூரம் ஓடி, ஆயினும் ஒரு மின்னேற்றத்தின் எல்லைக்குள் வேலையை முடித்து, ஒவ்வோர் இரவும் நல்ல மின்கம்பி உள்ள சொந்த வீட்டிற்குத் திரும்பும் வண்டிக்கே மின்சாரம் இலாபம் தரும். குறைந்த தூரம் ஓடுபவரும், இரவில் வண்டியைப் பொது இடத்தில் நிறுத்துபவரும் அவசரப்பட வேண்டிய காரணமில்லை.

மின்சார வண்டியால் நன்மை இல்லை என்பது இதன் பொருளன்று. வேலைக்குச் செல்வோர் கூடும் விடியற்காலைத் திடலில் புகையும் இரைச்சலும் இல்லாதது பிள்ளைகளின் நெஞ்சுக்கு நல்லது. நம் நாட்டு மின்சாரத்தின் பெரும்பகுதி இன்னமும் நிலக்கரியாலும் எரிவாயுவாலும் பிறப்பதால் புகை முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. ஆயினும் நம் வாசலிலிருந்து அது விலகுகிறது. இந்நன்மைக்காக எவ்வளவு கூடுதலாகக் கொடுக்க இயலும் என்பதை அவரவர் குடும்பமே முடிவு செய்ய வேண்டும்.

அன்று கேள்வி கேட்ட பெரியவரிடம், ஒரு மாதம் வண்டியின் ஓட்டத்தை எழுதி வருமாறு கூறினேன். ஐந்தாம் படிவம் பயிலும் அவருடைய மகள் ஒரு பள்ளி நோட்டில் நாள், தூரம், சுமை, டீசல், வருமானம் என ஐந்து கட்டங்கள் வரைந்து எழுதி வந்தாள். எண்பது கிலோமீட்டர் ஓடுவதாக அவர் எண்ணியிருந்த வண்டி, நாளொன்றுக்குச் சராசரி நாற்பத்திரண்டு கிலோமீட்டரே ஓடியிருந்தது. பழைய வண்டிக்கு இயந்திர வேலை செய்து இன்னும் மூன்று ஆண்டுகள் ஓட்டுவது என்று குடும்பம் முடிவு செய்தது. சேமநிதிப் பணம் மகளின் படிப்பிற்கென அப்படியே இருக்கிறது. அதே தோட்டத்திலிருந்து நாள்தோறும் ஈப்போ சந்தைக்குச் சென்று வரும் இன்னொருவர் இதே கணக்கைப் போட்டால் வேறு விடை வரலாம், அதுவும் சரியே. ஆழம் அறிந்து காலை விடுவதே அறிவுடைமை.

பயிற்சி

1. உங்கள் வண்டி ஒரு மாதத்தில் ஓடும் தூரத்தை எழுதிச் சராசரியைக் கணக்கிடுக.
2. இவ்வார டீசல் விலையை இட்டு, 100 கிலோமீட்டருக்கு ஆகும் செலவைக் காண்க.
3. உங்கள் வீட்டு மின்கட்டண ரசீதில் மாதப் பயனீடு எத்தனை யூனிட்? அதனுடன் வண்டிக்கு வேண்டிய யூனிட்டைக் கூட்டினால் 600ஐத் தாண்டுமா, 1,500ஐத் தாண்டுமா?
4. விலை வேறுபாட்டையும் அதற்குரிய வட்டியையும் கூட்டி, மாத மிச்சத்தால் வகுக்க. வரும் காலம் தவணைக் காலத்தைவிடக் குறைவா, அதிகமா?
5. உதவித்தொகை பெறுபவராயின், மாத மிச்சத்திலிருந்து அதைக் கழித்து நான்காம் கணக்கை மீண்டும் செய்க.