தீவுக் கிணறுகளும் தொண்டர் கடமையும்

நாற்புறமும் நீர் சூழ்ந்த தீவில் குடிநீருக்கு முட்டுப்பாடு நேர்வது முதலில் வியப்பளிக்கலாம். ஆனால் தெற்கு அந்தமானிலுள்ள சிப்பிகாட்டைக் கண்டோர்க்கு அதன் காரணம் எளிதில் விளங்கும். போர்ட் பிளேர் என வழங்கி, 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற தலைநகருக்கு அருகில் அமைந்த தாழ்நிலப் பகுதி இது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி நிகழ்ந்த பெரும் பூகம்பத்தால் இங்கு நிலமட்டம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. ஆழிப்பேரலை வடிந்த பின்னரும் கடல் முற்றிலும் விலகவில்லை. கடல் ஏற்றத்தின்போது உவர்நீர் உட்புகுந்தமையால் பயிர் விளைந்த நிலங்கள் சதுப்பாயின.

சிப்பிகாட்டில் நிலத்தின்மேல் வெளிப்படையாக நிகழ்ந்த இம்மாற்றம், அதற்குத் தெற்கே ஏறத்தாழ 270 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கார் நிக்கோபாரில் நிலத்தினடியிலும் நிகழ்ந்தது. நிக்கோபாரிப் பழங்குடி மக்களின் தாயகமான அத்தீவில், கரையோரக் கிணறுகள் பல உவர்ப்பாயின. இத்தகைய ஊர்களில் குடிநீர்ப் பணி புரிய முன்வரும் தொண்டர்கள் முதலில் அறியவேண்டிய பாடம் இதனுள் அடங்கியுள்ளது. அதனை ஈண்டு ஆராய்வோம்.

நன்னீர் நிற்கும் விதம்

கார் நிக்கோபார் பவளச் சுண்ணாம்புக் கல் மிகுந்த, பெரும்பாலும் தட்டையான தீவாகும். பெய்யும் மழையில் ஒரு பகுதி கல்லின் துளைகள் வழியே கீழிறங்குகிறது. அடியிலோ கடல்நீர் ஊறி நிற்கிறது. ஒரு கன மீட்டர் நன்னீரின் எடை 1000 கிலோகிராம் என்றால், அதே அளவு கடல்நீரின் எடை சுமார் 1025 கிலோகிராம். ஆதலின் இலேசான நன்னீர், கனமான உவர்நீரின்மேல் மிதக்கிறது. அது தீவின் நடுவில் தடித்தும் கரையோரத்தில் மெலிந்தும், மூக்குக் கண்ணாடியின் வில்லை போன்ற உருவில் அமைகிறது.

இதன் கணக்கை நெதர்லாந்து நாட்டுப் பொறியாளர் கைபென் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும், ஜெர்மானியரான ஹெர்ட்ஸ்பெர்க் 1901ஆம் ஆண்டிலும் வகுத்துரைத்தனர். கடல்மட்டத்திற்குமேல் நன்னீர் ஒரு மீட்டர் உயர்ந்து நின்றால், கடல்மட்டத்திற்குக் கீழே அது சுமார் 40 மீட்டர் ஆழம் வரை இருக்கும். இதன் மறுபுறத்தையும் கருதுதல் வேண்டும். இறைப்பதனால் நீர்மட்டம் பத்தே சென்டிமீட்டர் நிலையாகத் தாழுமானால், அடியிலுள்ள உவர்நீர் காலப்போக்கில் நான்கு மீட்டர் மேலெழக்கூடும்.

உவர்ப்பு மிகச் சிறிதளவு சேர்ந்தாலும் நீர் கெடும். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 19,000 மில்லிகிராம் குளோரைடு உள்ளது. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கும் அளவோ லிட்டருக்கு 250 மில்லிகிராம். வேறு நீர்நிலை இல்லாதவிடத்து 1000 மில்லிகிராம் வரை அனுமதி உண்டு. 75 குடம் நன்னீரில் ஒரு குடம் கடல்நீர் கலந்தாலே முதல் எல்லை எட்டப்பட்டுவிடும்.

அவசரத்தால் விளையும் கேடு

கிணறு உவர்த்துவிட்டால், விசைப்பம்பு வைத்து முழுவதும் இறைத்துவிடலாம் என்றே எவருக்கும் தோன்றும். 2004ஆம் ஆண்டின் பேரழிவுக்குப் பின் இலங்கையின் கிழக்குக் கரையில் அவ்வாறே பல கிணறுகள், சில பலமுறையும், இறைக்கப்பட்டன. சேறும் அசுத்தமும் அகன்றன. ஆனால் உவர்ப்பு எளிதில் அகலவில்லை. திஸ்ஸ இல்லங்கசேகரவும் அவருடைய குழுவினரும் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, மிகையாக இறைப்பின் அடியிலுள்ள உவர்நீர் மேலெழும் அபாயத்தை எடுத்துக்காட்டியது. இறைத்த நீரைக் கிணற்றருகிலேயே கொட்டினால் அதுவும் மண்வழியே மீண்டும் உள்ளிறங்கும். உவர்ப்பை நீக்குவதில் பெரும்பங்கு மழையினுடையது. அதற்குக் காலம் வேண்டும்.

மற்றொரு தவறான எண்ணத்தையும் நீக்குதல் அவசியம். வெளுப்புத் தூள் நோய்க்கிருமிகளை அழிக்கும், உப்பை நீக்காது. கொதிக்கவைப்பதும் கிருமிகளையே கொல்லும். நீர் ஆவியாகக் குறையும்போது எஞ்சிய நீரின் உவர்ப்பு சற்று மிகுமேயன்றிக் குறையாது.

கூரைநீரின் கணக்கு

கிணறு தெளியும்வரை மக்கள் என் செய்வது? அந்தமான் நிக்கோபார் தீவுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. 40 சதுர மீட்டர் தகரக் கூரையில் விழும் இம்மழையில் ஐந்தில் நான்கு பங்கு சேர்ந்தாலும் 96,000 லிட்டர் கிடைக்கும். ஆயினும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை மழை குறைவு. ஐவர் கொண்ட குடும்பத்திற்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 50 லிட்டர் எனக் கொண்டால், 120 நாட்களுக்கு 6000 லிட்டர் தொட்டி போதுமானது. கூரையின் தூசியையும் பறவை எச்சத்தையும் அடித்துவரும் முதல் மழைநீரைத் தொட்டியில் விடாது வெளியேற்றிவிடல் வேண்டும். தொட்டியை மூடி, கொசு புகாவண்ணம் வலையிடுவதும் இன்றியமையாதது.

தொண்டர் செய்யத்தக்கவை

1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறையின்படி, இத்தீவுகளின் பழங்குடி ஒதுக்கிடங்களுக்குள் வெளியார் அனுமதியின்றிச் செல்லலாகாது. நல்லெண்ணம் மட்டும் அனுமதியாகிவிடாது. அனுமதி பெற்றுச் சென்றபின்னும், ‘கேப்டன்’ எனப்படும் ஊர்த்தலைவரையும் ஊரவையையும் கலந்தே எதனையும் தொடங்குதல் வேண்டும். நிக்கோபாரிகளிடையே நிலமும் தென்னையும் ‘துஹெத்’ என்னும் கூட்டுக் குடும்பத்திற்கு உரியவை. ஆதலின் கிணறோ தொட்டியோ அமைக்கும் இடம் எவருடையது, அதனைப் பேணுவோர் யாவர் என்பவை முன்கூட்டியே தெளிவாதல் வேண்டும்.

குடைந்த தேங்காய் ஓடுகளில் நீர் முகந்து, சிக்கனமாகச் செலவிட்டுப் பழகிய மக்கள் அவர்கள். எந்தக் கிணறு கோடையில் முதலில் உவர்க்கும், எது கடைசிவரை இனிக்கும் என்பதை அவர்களைக் கேட்டே அறியலாம். அதன்பின் கிணறுதோறும் நீர்மட்டத்தையும், மின்கடத்துதிறன் அளவியால் உவர்ப்பையும் வாரந்தோறும் அளந்து பதிவு செய்தல் வேண்டும். வாளியால் மெல்ல இறைப்பதா, இறைப்பை நிறுத்துவதா என்பதை அப்பதிவேடே உணர்த்தும்.

தொண்டர் சில வாரங்களே தங்குவர். நீர் பருகுவோர் ஆண்டு முழுவதும் அங்கேயே வாழ்வர். எனவே அளவியைக் கையாளவும் பதிவேட்டை எழுதவும் ஊர் இளைஞர் இருவரையேனும் பயிற்றுவித்து, இரண்டையும் அவர்களிடமே ஒப்படைத்தல் தொண்டரின் பணியில் இன்றியமையாத பகுதியாகும்.

பயில்வோர்க்கான வினாக்கள்

1. ஒரு தீவுக் கிணற்றின் நீர்மட்டம் 15 சென்டிமீட்டர் நிலையாகத் தாழ்ந்தால், அடியிலுள்ள உவர்நீர் எவ்வளவு உயரக்கூடும்?

2. உங்கள் இல்லத்துக் கூரையின் பரப்பையும் உங்கள் ஊரின் ஆண்டு மழையளவையும் கொண்டு, சேகரிக்கத்தக்க நீரின் அளவைக் கணக்கிடுக.